கெடு தாண்டிய பிறகு

கேள்வி: எனக்கு வயது 64. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். பூர்வீகம் திருவண்ணாமலைப் பக்கம், அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம். 2002 ஜனவரியில், இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறதே என்று போய்க் காட்டியதில் ரத்தப் புற்றுநோய், சி.எம்.எல். வகை என்றார்கள். மூன்றிலிருந்து ஐந்து வருஷம் என்றார் டாக்டர். அப்போது என் மகள் பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ. இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்பட்டாள். நான் இருக்கும்போதே ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று, மறு வருஷம் தை மாதமே கிருஷ்ணகிரியில் கல்யாணம் முடித்தேன். தொழிற்சாலையில் வி.ஆர்.எஸ். வாங்கினேன். கே.ஆர்.புரத்தில் இருந்த ஹாஃப் சைட்டை, அரை மனையை, விற்று நகை போட்டேன். 2003 கடைசியில் இமாட்டினிப் மாத்திரை கிடைத்தது. இன்று வரை அதுதான். சாகவில்லை.

ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை பல வருஷம் மூடிக் கிடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதைக் கடந்து நடக்கும்போதெல்லாம், 'உன்னைத் திறக்கிற அன்றைக்கு நான் இருக்க மாட்டேன்' என்று நினைப்பேன். 2009 ஆகஸ்டில் திறந்தபோது கூட்டத்தில் நின்றேன். சந்தோஷம் வரவில்லை. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் நிற்பவன் மாதிரி இருந்தது.

போன தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். மாப்பிள்ளை அவளைப் படிக்கவும் விடவில்லை, வேலைக்கும் விடவில்லை. ஏதோ பேச்சு வளர்ந்து, "நீங்க சாகப்போறீங்கன்னுதானேப்பா எனக்குக் கல்யாணம் பண்ணீங்க? சாகலையே!" என்று கத்திவிட்டாள். அதற்கப்புறம் போனில் அம்மாவோடு மட்டும் பேசுகிறாள்.

எப்போதும் அசதி. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரை போடுவதில்லை, இது யாருக்கும் தெரியாது. வீட்டை மகள் பேரில் இப்போதே எழுதிவிடலாமா என்று இருக்கிறது. டாக்டர் சொன்ன கணக்குப்படி போயிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். இப்படி நினைப்பது நன்றிகெட்டதனமா?

பதில்:

ஐயா, முதலில் ஞாயிற்றுக்கிழமை. மற்றதெல்லாம் 20 வருஷமாகக் காத்திருந்தது, இன்னும் பத்து நிமிஷம் காத்திருக்கும்.

மாதத்துக்கு நாலு ஞாயிறு என்றால் 30 மாத்திரையில் 26தான் உள்ளே போகிறது. 87 சதவீதம். பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க். இங்கே அப்படி இல்லை. லண்டனில் உங்களைப் போல இமாட்டினிப் எடுப்பவர்களுக்கு, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் பதிவாகிற மாதிரி சிப் வைத்த டப்பாவில் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த அந்த ஆய்வில், 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் அதற்குக் கீழே இருந்தவர்களுக்கும் நடுவே நோய் கட்டுப்படுவதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. உங்கள் ரிப்போர்ட் இதுவரை நன்றாக வந்திருக்கலாம். அதை வைத்துச் சூதாட வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்காதீர்கள். இதே ரகசியத்தைக் கேட்காத புற்றுநோய் மருத்துவர் இருக்க முடியாது.

சொல்லும்போது அசதியையும் கால் பிடிப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டும் இந்த மாத்திரையின் தெரிந்த தொந்தரவுகள்தான். காலையில் கண்ணைச் சுற்றி வீங்குவதும், மாநிறமானவர்களுக்கு முகம் வெளுப்பதும்கூட அப்படித்தான். (உறவுக்காரர்கள் "நல்லா கலராயிட்டீங்களே, உடம்பு தேறிடுச்சு" என்று சொல்லியிருப்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள்.) ஆனால் 64 வயதில் வரும் எல்லா அசதியையும் மாத்திரை தலையில் கட்ட முடியாது. ஹீமோகுளோபின், தைராய்டு, தூக்கம் எல்லாம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கலாம். பல வருஷம் மாத்திரை எடுத்து, பி.சி.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் நோயின் அடையாளம் மிக மிகக் குறைந்த அளவிலேயே குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து நின்றவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது இப்போது உலகமெங்கும் நடைமுறையில் இருக்கிறது. ஆரம்பத்தில் மாதா மாதம் பரிசோதனை. சுமார் பாதிப் பேருக்கு நோய் தலைகாட்டும், அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். மறுபடி மாத்திரை தொடங்கினால் அநேகமாக எல்லோருக்குமே கட்டுக்குள் வந்துவிடுகிறது. உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கேட்கிற உரிமை உங்களுக்கு முழுக்க உண்டு. அது கணக்குப் பார்த்து நிறுத்துவது. நீங்கள் செய்வது ஒளித்து வைப்பது.

ஏன் ஞாயிறு என்று நீங்கள் எழுதவில்லை. நானாக இரண்டு காரணம் யோசித்தேன். வாரத்தில் ஒரு நாளாவது நோயாளியாக இல்லாமல் இருக்கலாம் என்ற ஆசை, அது எனக்குப் புரிகிறது. இரண்டாவதை நேராகவே கேட்டுவிடுகிறேன்: பாக்கி வைத்த கெடுவை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கிறீர்களா? 'அன்றைக்கே போயிருக்கலாம்' என்பதற்கும் 'இப்போது போய்விடலாம்' என்பதற்கும் தூரம் அதிகம். உங்கள் கடிதத்தில் இருப்பது முதலாவது. இரண்டாவதும் எட்டிப்பார்க்கிறது என்றால் கடிதத்தோடு நிற்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தினமும் மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இமாட்டினிப்போடு சில மனநல மருந்துகள் ஒத்துப்போகாது. யார் எது எழுதித் தந்தாலும் இந்த மாத்திரையின் பேரை முதலில் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது நன்றிகெட்டதனத்துக்கு வருவோம்.

2002 ஜனவரியில் உங்கள் டாக்டர் சொன்னது தப்பில்லை. அதுவரை அவர் பார்த்த நோயாளிகளும் படித்த புத்தகமும் அப்படித்தான் சொல்லியிருக்கும். இமாட்டினிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2001 மே மாதம்தான், உங்களுக்கு நோய் தெரிவதற்கு எட்டு மாதம் முன்பு. அது இங்கே வந்து, விலை இறங்கி, உங்கள் கைக்கு வர இன்னும் இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அந்த மாத்திரையை முதன்முதலாகப் பெரிய அளவில் சோதித்த ஆய்வின் பத்து வருஷக் கணக்கு 2017இல் வந்தது. மாத்திரையோடு தொடங்கியவர்களில் 83 சதவீதம் பேர் பத்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். உங்கள் நோய்க்கு முன்பு கனவிலும் வராத எண் அது.

ஆக, இரண்டு காலத்துக்கு நடுவே இருந்த ஒரு வாசற்படியில் உங்களுக்கு நோய் வந்திருக்கிறது. முடிவுகளைப் பழைய காலத்தில் எடுத்தீர்கள், வாழ்ந்தது புதிய காலத்தில். ஐந்து வருஷத்துக்கென்று தைத்த சட்டையை 23 வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பிடிக்கத்தான் செய்யும்.

இது உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. எச்.ஐ.வி.க்கு 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்தபோது, மேலை நாடுகளில் சாவுக்குத் தயாராகி வேலையை விட்டவர்கள், ஆயுள் காப்பீட்டுப் பாலிசியையே விற்றுச் செலவழித்தவர்கள், திடீரென்று 'இன்னும் முப்பது வருஷம் இருக்கலாம்' என்ற செய்தியோடு நின்றார்கள். எல்லோரும் துள்ளிக் குதிக்கவில்லை. நிறையப் பேர் இடிந்து போனார்கள். பல்லைக் கடித்து விடைபெற்றுவிட்ட ஒரு வீட்டுக்குள் மறுபடி நுழைவது லேசான காரியமில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களிடமும் இதையே கேட்டிருக்கிறேன். "பொழச்சது சந்தோஷம்தான் மேடம், ஆனா எதுக்குன்னு தெரியல" என்று ஒருவர் சொன்னார். நன்றி கெட்டவர் வாயிலிருந்து வரும் பேச்சில்லை அது. உயிர் பிழைத்தவன் சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பே ஒரு கடன். அதற்கு நீங்கள் மாதா மாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள், மகள் அம்மாவோடு பேசுகிறாள் என்று. அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1944இல் பாஸ்டனில் எரிக் லிண்டெமான் என்ற மனநல மருத்துவர் துக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போருக்குப் போன கணவன் திரும்ப மாட்டான் என்று முன்கூட்டியே துக்கம் அனுசரித்து முடித்துவிட்ட ஒரு மனைவியைப் பற்றி அதில் வருகிறது. அவன் உயிரோடு வந்து நிற்கிறான். அவளால் அவனை மறுபடி ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அழுது தீர்த்து, வழியனுப்பிவிட்டாள். அவனுக்கு அந்த வீட்டில் இடம் இல்லை.

உங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் 2002இல் உங்கள் மனைவிக்கு என்ன வயது, முப்பத்தைந்து, நாற்பது? பேங்க் பாஸ்புக் எங்கே, எல்.ஐ.சி. பத்திரம் எங்கே, கேஸ் கனெக்‌ஷன் யார் பேரில் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, நீங்கள் இல்லாத வீட்டை அவர் மனசுக்குள் பல தடவை நடத்திப் பார்த்திருப்பார். அப்புறம் வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டில் உட்கார்ந்தீர்கள். வீடு அவர் கைக்குப் போய்விட்டது. உங்களுக்கு அதில் 'அவருக்கு உடம்பு சரியில்லை' என்ற பதவி மட்டும் மிச்சம். இத்தனை வருஷமாக மூட்டை தூக்க விடாமல், சாவு வீட்டுக்கு அனுப்பாமல், முதல் தோசையைத் தட்டில் வைத்துக் காப்பாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். அது அன்புதான். அந்த அன்புக்குள் ஒரு மனுஷன் காணாமல் போகவும் முடியும். நான் யூகித்தது தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். சரியாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ரகசியத்தை டாக்டருக்கு அடுத்து அவரிடம் சொல்லுங்கள். அவருக்கும் உங்களிடம் சொல்லாத ஒன்றிரண்டு இருக்கும்.

இனி மகள்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "சாகலையே!" என்ற சொல் உங்களைக் குத்திக்கொண்டே இருக்கிறது, தெரிகிறது. நான் அதை வேறு மாதிரி கேட்கிறேன். சாகப் போகிறவரிடம் யாராலும் கோபப்பட முடியாது. பதினெட்டு வயதுப் பெண் இன்ஜினீயரிங் சீட்டுக்காகச் சண்டை போட்டால், "அப்பன் சாகக் கிடக்கான், இவளுக்குப் படிப்பு கேக்குது" என்று ஊரே சொல்லும். அவளே தன்னைச் சொல்லிக்கொள்வாள். அதனால் வாயை மூடிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாள். அந்த வாய் இருபது வருஷத்துக்கு மேல் மூடியே இருந்தது. ஒவ்வொரு தடவை ஊரிலிருந்து வரும்போதும் 'அப்பாவுக்கு ஒத்துக்காது' என்று விழுங்கியிருப்பாள். போன தீபாவளிக்குத்தான் உங்களை ஒரு சாதாரண அப்பாவாக நினைத்துக் கத்தியிருக்கிறாள். வீட்டில் எல்லோரும் உங்களை உடைந்துவிடும் கண்ணாடியாக நடத்தும்போது, திட்டினாலும் தாங்குவார் என்று நம்பிய ஒரே ஆள் அவள்தான். அவள் கேட்டது உங்கள் சாவை இல்லை. தனக்கு வர வேண்டிய ஒரு பதிலை.

'கணக்குப்படி போயிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும்' என்கிறீர்கள். யாருக்கு? நீங்கள் 2005இல் போயிருந்தால் உங்கள் முடிவு ஒரு தியாகக் கதையாகி, போட்டோவில் மாலையோடு தொங்கியிருக்கும். அவள் அதே கிருஷ்ணகிரியில், அதே கணவனோடு, அதே படிக்காத பெண்ணாக இருந்திருப்பாள். கோபப்பட ஒரு அப்பாவும் இல்லாமல்.

அந்தக் கல்யாணம் தப்பா? என் கருத்தைச் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் மன்னியுங்கள். சாவு பயத்தில் எடுத்த முடிவு, அன்றைக்குத் தெரிந்ததை வைத்து எடுத்தது. அதில் வஞ்சகம் இல்லை. ஆனாலும் அதற்கான விலையை நீங்கள் கொடுக்கவில்லை, அவள் கொடுத்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியாது, அழிக்கப் பார்ப்பதுதான் உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது.

அவளிடம் போங்கள். போனில் வேண்டாம். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்கள் இல்லாத நேரம், மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு. "உன் நல்லதுக்குத்தான் செய்தேன்" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த வாக்கியத்தோடு அவள் காதை மூடிக்கொள்வாள். அழுது மன்னிப்பும் கேட்காதீர்கள். கேட்டால் அவள்தான் எழுந்து வந்து உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும், மறுபடி நீங்கள் நோயாளி, அவள் வாய் மூடி. "தீபாவளிக்கு நீ கேட்டது சரியான கேள்விம்மா. உன்னை நான் கேட்காமல் செய்தேன். உனக்கு என்ன ஆச்சுன்னு இப்ப சொல்லு, நான் கேட்கிறேன்." இவ்வளவு போதும். அப்புறம் அவள் என்ன சொன்னாலும் கேளுங்கள். உடம்பைப் பற்றி அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அரை மணி நேரம் கத்தினாலும் சரி, ஒன்றுமே பேசாமல் காபி கொடுத்து அனுப்பினாலும் சரி, அடுத்த மாதமும் போங்கள்.

பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டை எழுதிக் கொடுக்கும் யோசனையைப் படித்ததும் எனக்கு அந்தக் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. அதே அவசரம், யாரையும் கேட்காமல் ஒரே கையெழுத்தில் கணக்கை முடிப்பது. தானப் பத்திரம் பதிவு செய்தால் அநேகமாகத் திரும்ப வாங்க முடியாது. அந்த வீட்டில் உங்கள் மனைவி வாழ வேண்டும், நீங்களும் இன்னும் பல வருஷம் வாழ வேண்டியிருக்கலாம். கிருஷ்ணகிரியில் அந்தச் சொத்து யார் கைக்குப் போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். மனைவியோடு உட்கார்ந்து நிதானமாக எழுதுங்கள். மகளுக்கு 41, 42 வயது இருக்கும். இப்போது என்ன வேண்டும் என்று அவளே சொல்லட்டும். படிப்பு என்று சொன்னால் இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர வயது தடையில்லை. ஆனால் நீங்களாக அப்ளிகேஷன் வாங்கிக்கொண்டு போய் நீட்டாதீர்கள். அதுவும் ஒரு மாப்பிள்ளை பார்த்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்த பி.சி.ஆர். எப்போது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வரும்வரை உங்கள் வீட்டில் யாருக்கும் யாரோடும் சரியாகப் பேச வராது என்று ஊகிக்கிறேன், எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நாட்கள் அப்படித்தான். அந்த நேரத்தில் கிருஷ்ணகிரி வேண்டாம். டாக்டரைப் பார்த்து, ஞாயிறு விஷயத்தைச் சொல்லி, ரிப்போர்ட் கையில் வந்த பிறகு ஒரு வார நாளில் காலையில் பஸ் ஏறுங்கள். மாத்திரைப் பட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "இருந்துட்டுப் போங்கப்பா" என்று சொன்னாலும் சொல்வாள்.